பச்சை வாடை போகும் வரை

'இஞ்சி பூண்டு விழுது சேர்த்து, பச்சை வாடை போகும் வரை வதக்கவும்.'

வார இதழ்களின் இலவச இணைப்பு, தினக் காலண்டரின் பின்பக்கம், மசாலாப் பாக்கெட்டின் முதுகு, தொலைக்காட்சியில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சமைக்கிற அம்மாக்களின் வாய் என்று எங்கே பார்த்தாலும் இந்த வாக்கியம்தான் கிடக்கிறது. தமிழில் இவ்வளவு பேர் படிக்கிற வாக்கியம் வேறு இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷமும் பிரதியை எப்படி வாசிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். திணை, துறை, கூற்று, கேட்போர், அப்புறம் கட்டுடைப்பு. இத்தனை கருவிகளையும் கையில் வைத்துக்கொண்டு இந்த ஒரு வாக்கியத்தை யாரும் தொட்டதில்லை. சமையல் குறிப்பு இலக்கியமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நம்மைப் பற்றி எழுதியதுகூட இலக்கியமா என்று கேட்டவர்கள்தான் அவர்கள்.

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். 'வதக்கவும்' என்பதற்கு எழுவாய் எது? தோன்றா எழுவாய். நீ, நீங்கள், யாரோ ஒரு பெண். சரி, போகட்டும். 'விழுது' என்கிற சொல்தான் என்னை நிறுத்துகிறது. எங்கள் காலனியில் யாரும் விழுது என்று சொல்வதில்லை. விழுது ஆலமரத்தில் தொங்கும். எங்களுக்கு அது 'அரைச்சது'. "இஞ்சி அரைச்சது கொஞ்சம் இருந்தா குடு அக்கா." அரைத்தது என்பது வினையாலணையும் பெயர். அதன் வயிற்றுக்குள் ஒரு வினை இருக்கிறது. வினை இருந்தால் யார் அரைத்தது என்று கேட்க முடியும். விழுது என்று சொல்லிவிட்டால் அது வெறும் பெயர்ச்சொல். 'தேவையான பொருட்கள்: இஞ்சி பூண்டு விழுது 2 டீஸ்பூன்' என்று உப்புக்கும் எண்ணெய்க்கும் நடுவில் தயாராக வந்து உட்கார்ந்துகொள்கிறது. தோலைச் சீவினவள், அம்மியில் குனிந்தவள், எரிச்சலில் விரலை ஊதினவள் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. இப்போது கடையில் 'பேஸ்ட்டு' என்றே கேட்கிறார்கள். பல் விளக்குகிறதும் பேஸ்ட்டு, குழம்புக்குப் போடுகிறதும் பேஸ்ட்டு.

இரண்டாவது, 'வாடை'. இதுதான் இந்த வாக்கியத்தின் உயிர்நாடி. ஏதோ ஒன்று நாறுகிறது, அது போக வேண்டும். போகிற வரைக்கும் தீ எரிய வேண்டும். இஞ்சியின் பச்சை வாடையை எண்ணெய் போக்கும். கறியின் கவுச்சி வாடையை இஞ்சி போக்கும். இப்படி ஒன்றை ஒன்று சுத்தி செய்துகொண்டே போகிற வரிசைக்குப் பேர் செய்முறை. 'கவுச்சி வாடை தெரியாமல் இருக்க இஞ்சி விழுதைக் கூடுதலாகச் சேர்க்கலாம்' என்று அடியில் ஒரு குறிப்பும் வரும். யாருக்குத் தெரியாமல் இருக்க? பக்கத்து வீட்டுக்கா, வாடகைக்கு வீடு விட்ட ஓனருக்கா?

பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பையன்கள் ஆறு பேர் ஒரு அறையில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் இஞ்சியைக் கை நிறைய தட்டிப் போட்டு, ஜன்னலைச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி வைத்துச் சமைத்தார்கள். அப்படியும் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். "இஞ்சி வாசனை இவ்வளவு தூக்கலா அடிச்சா, உள்ள என்ன வேவுதுன்னு தெரியாதா?" என்றாராம். மறைக்கப் போட்டதே காட்டிக்கொடுத்துவிட்டது.

நாற்றம் என்கிற சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது என்பது தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். ஆண்டாள் காலத்திலும் நாறுதல் என்றால் மணத்தல்தான். அந்தச் சொல் எப்போது, யார் வீட்டு வாசலில் கெட்டுப்போனது என்பதை யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை. ஆனால் நற்றிணையில் 45-ஆம் பாட்டு இருக்கிறது. செல்வம் கொழிக்கும் ஊரிலிருந்து தேர்க்காரனின் மகன் கடற்கரைச் சிறுகுடிக்கு வந்து மீன் பிடிக்கிறவர் மகளை விரும்புகிறான். தோழி அவனைத் தடுக்கிறாள். நாங்கள் சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், எட்டி நில் என்கிறாள். வகுப்பில் இதைக் குறை நயப்பித்தல், சேட்படுத்தல் என்று துறை பிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். பின் பெஞ்சில் இருந்த எங்கள் இரண்டு மூன்று பேருக்குத்தான் அது எங்கேயோ போய்த் தைத்தது. அந்தத் தோழி வெட்கப்பட்டா சொல்கிறாள்? இல்லை என்றே நான் படிக்கிறேன். உன் மூக்கு தாங்குமா என்று கேட்கிறாள்.

இதே வகுப்பில்தான் 'இஞ்சி' என்றால் மதில் என்று படித்தேன். சங்கப் பாட்டில் இஞ்சிக்கிழங்கும் உண்டு. பட்டினப்பாலையில் சோழநாட்டுத் தோப்பில் மஞ்சளோடும் சேம்போடும் வருகிறது, மதுரைக்காஞ்சியிலும் வருகிறது. ஆனாலும் போர்ப் பாட்டில் இஞ்சி என்று வந்தால் அது கோட்டைச் சுவர். எங்கள் தர்மபுரிக்குத் தகடூர் என்று பேர் இருந்தபோது ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235. கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்குத் தருவான், நிறையக் கிடைத்தால் சேர்ந்து குடிப்போம், எலும்போடு கறி கிடந்த இடமெல்லாம் எங்களுக்குத் தருவான் என்று அழுகிறாள் அந்தப் பெண். அதியமானை மழவர் பெருமகன் என்று பாடுகிறார்கள். அந்த மழவர் கொழுத்த ஆவைத் தின்ற செய்தி அகநானூற்றில் இருக்கிறது. பிறகு வந்தவர்கள் ஔவையார் கையிலிருந்து கள்ளையும் எலும்பையும் பிடுங்கிவிட்டு, கோலையும் திருநீற்றையும் கொடுத்துப் பாட்டியாக்கி ஆத்திசூடி சொல்ல வைத்தார்கள். பச்சை வாடை போகும் வரை வதக்குவது என்றால் இதுதான்.

இஞ்சிக்கும் பூண்டுக்கும் வருவோம். ஒரே அம்மியில் அரைபடுகிற இந்த இரண்டும் ஒரே சாதி இல்லை. மனுவின் ஐந்தாம் அத்தியாயம் இருபிறப்பாளர் தின்னக் கூடாதவை என்று பூண்டையும் வெங்காயத்தையும் காளானையும் சொல்கிறது. இஞ்சி அதில் இல்லை. இஞ்சி அக்ரகாரத்துக்குள் போகும், மடப்பள்ளிக்குள் போகும், இஞ்சித் தொகையலாகி இலையில் உட்காரும். பூண்டு வாசலில் நிற்கும். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' தமிழ்ச் சமையல் நூல்களில் பெரிய பேர் பெற்றது. இளம் வயதில் விதவையான ஒரு பெண் தன் கைக்குத் தெரிந்ததை எழுதி வைத்தார். அதில் எனக்கு மரியாதை உண்டு. எழுதாமல் போனது நம் பெண்களுக்கு நேர்ந்த நஷ்டம், அதற்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் ஒரு வீட்டுச் சைவச் சமையலை அப்படியே தமிழர் சமையல் என்று மகுடம் சூட்டினவர்கள் பொறுப்பு. மற்றதெல்லாம் அதன் பக்கத்தில் 'அசைவம்' ஆகிப் போனது. சைவம் இல்லாதது அசைவம். நமக்கு ஒரு பெயர்கூட எதிர்மறையில்தான் வைத்தார்கள்.

வாசலுக்கு உள்ளே இருக்கிறதும் வெளியே நிற்கிறதும் அம்மியில் கலந்து பிரிக்க முடியாமல் ஆவதைத்தான் இஞ்சி பூண்டு விழுது என்கிறோம். தர்மபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. அம்மியில் நடக்கிறது ஊரில் நடந்ததற்கு 2012 நவம்பர் 7-ஆம் தேதி என்ன விலை கொடுத்தோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இனி கறி.

தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958-இல் வந்தது. பத்து வயசைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லை என்று சான்று வாங்கின மாட்டைத்தான் அறுக்கலாம் என்பது அதன் சாரம். 1976-இல் பசுவை அறுக்கவே கூடாது என்று அரசாணை போட்டார்கள். சட்டப்படி எங்கள் சட்டிக்கு வரக்கூடியது என்ன? பத்து வருஷம் ஏர் இழுத்த, வண்டி இழுத்த, செக்குச் சுற்றின கிழட்டு எருது. எங்கள் நைனா மாதிரி. உழைத்து உழைத்து நரம்பேறிப்போன உடம்பு. வயசாக ஆகத் தசையைக் கட்டி வைத்திருக்கிற நார் இறுகிப்போகும், கொதிக்கிற தண்ணீருக்கும் சீக்கிரம் அசையாது. இதை விஞ்ஞானம் இப்போது சொல்கிறது. எங்கள் ஆயாவுக்கு முன்னாடியே தெரியும்.

இஞ்சி எங்கள் பக்கம் விளைகிற சாமான் இல்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் விளைகிறது அதன் பங்காளியான மஞ்சள். அடுத்தவன் காட்டில் மஞ்சள் வெட்டி வெட்டி அம்மாவுக்கு நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கும். இஞ்சி மைசூர்ப் பக்கமிருந்தும் வயநாட்டிலிருந்தும் சந்தைக்கு வரும், காசு போட்டு வாங்க வேண்டும். அதனால் எல்லா நாளும் இஞ்சி கிடையாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது மிளகாய், உப்பு, மஞ்சள்தூள், இருந்தால் கொத்தமல்லி, அவ்வளவுதான் குழம்பு. களிக்கு அது போதும். கறி வருகிற நாளில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு இஞ்சி வரும்.

அம்மா அதை எப்படிப் பயன்படுத்தினார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டேன்.

"மொதல்ல கறிய ஒரு தண்ணிதான் கழுவணும். அஞ்சு தண்ணி ஆறு தண்ணி கழுவினா சத்துப் போயிடும். இஞ்சிய அம்மில வெச்சி நச்சினதும் அப்படியே சாறோட எடுத்து கறில போட்டுப் பெசஞ்சி மூடி வெச்சிடணும். பச்சையா. எண்ணெ காட்டக் கூடாது. களி கெளறி எறக்கற வரைக்கும் அது கெடக்கட்டும். அதுக்கப்புறம் அடுப்புல வெச்சாலும் குப்புனு எரிக்கக் கூடாது. பொருபொருன்னு சூடேத்தணும். எரும மாதிரி கறின்னா ஒரு துண்டு கொட்டாங்குச்சியும் போடுவா எங்க அம்மா. வேவலன்னா ஒங்க நைனா பல்லுல மாட்டும், அப்புறம் வீட்ல சண்டதான்."

செய்முறைக் குறிப்பில் இருக்கிற இஞ்சி எண்ணெயில் வதங்குகிறது. அம்மா போட்ட இஞ்சி பச்சையாகக் கறியோடு ஊறுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ருசி சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. பச்சை இஞ்சிச் சாற்றில் ஒரு நொதி இருக்கிறது, ஜிஞ்சிபைன் என்று பேர். அது தசையைக் கட்டி வைத்திருக்கிற நாரை அறுக்கும். அமெரிக்காவின் உணவு அறிவியல் இதழ் ஒன்றில் 1973-இல் இதைப் பற்றி ஆய்வு வந்தது. 60 டிகிரி செல்சியஸ் அளவில் அது நன்றாக வேலை செய்யும், கொதி வந்துவிட்டால் செத்துப்போகும். அதனால்தான் பொருபொருவென்று சூடேற்றச் சொல்கிறார் அம்மா. டீக்கடை மாஸ்டருக்கும் இது தெரியும். பச்சை இஞ்சியைத் தட்டிப் பாலில் போட்டால் பால் திரியும் என்று டிக்காஷனில் கொதிக்கவிட்ட பிறகே பாலை ஊற்றுவார். (அவர் எந்தக் கிளாஸில் யாருக்கு ஊற்றினார் என்பது தனிக் கட்டுரை.)

காய்கிற எண்ணெயில் முதலில் விழுதைப் போட்டு வதக்கினால் வாசனை மிஞ்சும், நொதி மிஞ்சாது. குறிப்பு எழுதுகிறவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, அவர் சட்டியில் இருப்பது இளங்கறி, பிராய்லர் கோழி. அது தானாக வேகும். அவருக்கு இஞ்சி வேண்டியது மூக்குக்கு. எங்களுக்கு வேண்டியது பல்லுக்கு. இளங்கறி அவன் தட்டுக்கும் கிழட்டுக்கறி நம் தட்டுக்கும் வந்த ஏற்பாட்டில் சட்டத்துக்கும் பங்கு இருக்கிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நம்மை நாற்றத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் நம் கறியின் கடினத்தைப் பேசுவதே இல்லை.

பக்கத்து மாவட்டத்துக் கதையையும் சொல்லிவிடலாம். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாகத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. கோழி உண்டு, ஆடு உண்டு, மாட்டுக்கறி பிரியாணி இல்லை. ஆம்பூரில் போய் மாட்டுக்கறி பிரியாணி இல்லை என்றால் ஊரே சிரிக்காதா? எதிர்ப்புக் கிளம்பியது. மழை என்று சொல்லித் திருவிழாவையே தள்ளி வைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. மூன்று பிரியாணியிலும் போடுவது அதே இஞ்சி, அதே பூண்டு. திருவிழா மேடையில் ஏற விழுதுக்குத் தடை இல்லை.

இதுவரை எதிரியைப் பேசினேன். நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும்.

ராஜ் கௌதமன் 'தலித் பண்பாடு' நூலை 1993-இல் வெளியிட்டார். இழிவு என்று சொல்லப்பட்ட நம் பழக்கங்களையே கலகத்துக்கான ஆயுதமாக எடுக்கலாம் என்ற பேச்சு அப்போது சூடாக நடந்தது. மாட்டுக்கறி அந்தப் பேச்சின் நடுவில் இருந்தது. அதற்குப் பதிலாக, செத்த மாட்டை விட்டொழிக்கச் சொல்லி 1927-இல் மகாடில் தீர்மானம் போட்டவர் அம்பேத்கர் என்று நினைவூட்டினவர்களும் உண்டு. மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை 1948-இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் வரலாறாக எழுதியவரும் அவர்தான். இரண்டு பக்க நியாயமும் எனக்குத் தெரியும். நான் கலகப் பக்கம் நின்றவன். கல்லூரியில் இருக்கும்போது மாட்டுக்கறியைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். ரத்தம், எலும்பு, பறை, நெருப்பு எல்லாம் அதில் உண்டு. மேடையில் வாசித்தால் கைதட்டு விழும். ஒரு தடவை வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாதாண்டா இருக்குது கண்ணு. கறி கறின்னு எழுதியிருக்கியே, இஞ்சி யாரு அரைச்சா?" என்றார்.

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். பிறகு அந்தக் கேள்வியோடு நம் கவிதைகளை எடுத்துப் படித்தேன். ஆண்கள் எழுதினவற்றில் கறி வெட்டுகிறார்கள், பங்கு வைக்கிறார்கள், தின்கிறார்கள், ஏப்பம் விடுகிறார்கள். வெட்டுவதற்கும் தின்பதற்கும் நடுவில் ஒரு மூணு மணி நேரம் இருக்கிறது. அது எங்கள் கவிதையில் இல்லை. செய்முறைக் குறிப்பில் தோன்றா எழுவாயாக இருந்தவள் எங்கள் கலகத்திலும் தோன்றவில்லை. கறியை நாம் கொடியாக்கினோம். கொடிக்கு மசாலா தேவையில்லை.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. அதில் சோறு வருகிற இடங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நாயக்கர் வீட்டில் வேலை முடித்துப் பாட்டி ஏந்தி வாங்குகிற மிச்சச் சோறும் குழம்பும், தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற பலகாரப் பொட்டலமும். அங்கே சோற்றுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கை இருக்கிறது, அந்தக் கை எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்பட்டது என்கிற அளவும் இருக்கிறது. பெண் எழுதும்போதுதான் இது வந்தது. மராத்தியில் ஷாஹூ பாட்டோளே 2015-இல் ஒரு நூல் கொண்டுவந்தார். அன்னமே பூரணப் பிரம்மம் என்று மராத்தியர் சொல்வதைத் திருப்பி, அன்னம் அபூரணப் பிரம்மம் என்று அதற்குத் தலைப்பு. மராத்வாடா மகர், மாங் வீடுகளின் சமையலை, செய்முறையோடு, எழுதினார். 2024-இல் ஆங்கிலத்திலும் வந்தது. தமிழில் அப்படி ஒரு நூலை நான் காணவில்லை. சாப்பாட்டைப் பற்றி நாம் எழுதினது ஏராளம். சமைப்பதைப் பற்றி எழுதினது சொற்பம். இந்தக் குறை எனக்கும் உண்டு என்பதை ஒரு பட்டியலை வைத்துச் சொல்கிறேன்.

2012 நவம்பரில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று காலனிகளிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். ஒரு தலித் பையனும் வன்னியப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த வருஷம் ஜூலை 4-ஆம் தேதி இளவரசன் ரயில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். அப்போது நான் மாணவன். நிவாரணம் எடுத்துப் போன ஒரு குழுவில் பட்டியல் எழுதும் வேலை எனக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய், பாய், போர்வை, பாத்திரம், மெழுகுவர்த்தி என்று எழுதினேன். சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா வந்து எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். "எல்லாம் இருக்குது தம்பி. எதுல அரைக்கறது?" என்று கேட்டார். அவர் வீட்டில் 2011-க்குப் பிறகு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்சி இருந்ததாம், கிரைண்டர் இருந்ததாம். எரிந்துவிட்டது. எங்கள் பட்டியலில் வெங்காயம்கூட இருந்தது, இஞ்சி பூண்டு ஒரு கிலோ இருந்தது. அரைக்க ஒரு கல் இல்லை. எழுதினவன் ஒருநாளும் அரைத்ததில்லை.

இனி அம்மாவின் பாட்டிலுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதலில் துவங்கினது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. மாவட்டம் பின்தங்கினது என்பதால் கிடைத்த பெருமை. அம்மாவின் குழு ரொம்பப் பின்னால் வந்தது. பன்னிரண்டு பெண்கள். இஞ்சி பூண்டு அரைத்துப் பாட்டிலில் போட்டு விற்கலாம் என்று மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எத்தனை சொட்டு வினிகர், ஈரக் கரண்டி படக் கூடாது, பச்சை நிறம் தட்டினால் பயப்பட வேண்டாம், பூண்டு புளிப்போடு சேர்ந்தால் சில நேரம் அப்படி ஆகும். அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு தடவை சொன்னால் போதும். கரண்டிக் காம்பால் இஞ்சித் தோலைச் சுரண்டுவதில் எங்கள் காலனிப் பெண்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

குழுவுக்கு அம்பேத்கர் பேர். பாட்டிலில் அந்தப் பேரை அச்சடித்து ஒட்டினார்கள். கண்காட்சி ஒன்றில் கடை போட்டார்கள். வருகிறவர்கள் பாட்டிலை எடுப்பார்கள், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள், நல்லா இருக்குதே என்பார்கள், லேபிளைப் படிப்பார்கள், வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். இரண்டு நாளில் விற்றது நான்கு பாட்டில். அதில் இரண்டு நான் வாங்கினது. மூன்றாம் நாள் ஒரு அதிகாரி வந்து, ரொம்ப நல்ல மனசோடுதான், "பேரை மாத்துங்கம்மா. பூ பேரு, சாமி பேரு ஏதாவது வைங்க. வியாபாரம்னா அப்படித்தான்" என்றார்.

நான் கத்தினேன். பேரை மாற்றினால் என் பிணத்து மேல்தான் என்கிற ரகத்தில் பேசினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாசத் தவண நாளைக்கி. நீ கட்டறியா?" என்றார். பேர் மாறியது. லட்சுமி. அடுத்த மாசம் அறுபது பாட்டில் போனது.

"லட்சுமி பேர்ல வித்தா நாறலையாம்டா" என்று பன்னிரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அரைத்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் எந்தக் கோட்பாட்டிலும் அடைக்க முடியவில்லை. தோல்வி என்று எழுதினால் அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. தந்திரம் என்று கொண்டாடினால் நான் செய்கிற ஏமாற்று.

2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்க வந்தபோது, எங்கள் பிள்ளைகள் அவள் கையால் சாப்பிடாது என்று ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்தையே மறித்தார்கள். கை தெரிந்தால் தீட்டு. அதே ஊர்களின் பெட்டிக்கடைகளில் தொங்குகிற ஐந்து ரூபாய், பத்து ரூபாய் விழுதுச் சாஷேயை எந்தக் கை நிரப்பியது என்று யாரும் கேட்பதில்லை. கை மறைந்துவிட்டால் தீட்டும் மறைந்துவிடுகிறது. அப்படியானால் 'விழுது' என்கிற எழுவாய் இல்லாத சொல் சும்மா வந்ததில்லை.

ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. உணவுப் பொருள் லேபிளில் தயாரிப்பவர் பேரும் முழு முகவரியும் இருக்க வேண்டும். பேரை லட்சுமி என்று மாற்றலாம், முகவரியை என்ன செய்வது? 'காலனி' என்று முடிகிற முகவரி. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். எங்கள் பெண்களும் முகவரியைக் கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் டவுன் கடைக்காரர் ஒருவர் புது ஆர்டர் கொடுத்திருக்கிறார். வெறும் இஞ்சி விழுது, பூண்டு சேர்க்காதது, இருபது கிலோ. பூண்டு சாப்பிடாத வீடுகளுக்காம். "பூண்டு அரைச்ச ஜாரா இருந்தா நல்லா கழுவிடுங்கம்மா, வாடை வரக் கூடாது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். அம்மா புது ஜார் வாங்கிவிட்டார். பழைய லேபிளில் பூண்டு என்று இருப்பதால் புது லேபிள் வேண்டும்.

"நீ தமிழ் படிச்சவன்தானே, ஒரு லேபிள் எழுதிக் குடு" என்றார்.

எழுதினேன். இஞ்சி விழுது. சேர்மானம்: இஞ்சி, உப்பு, எண்ணெய், வினிகர். எடை. தேதி. முகவரி. அதற்குக் கீழே 'அரைத்தவர்கள்' என்று போட்டுப் பன்னிரண்டு பேர் பெயரையும் எழுதினேன். அம்மா எழுத்துக் கூட்டி ஒவ்வொரு பெயராகப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"இத எடுத்துடுடா. ஆர்டரு போயிடும்."

தாள் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. சனிக்கிழமை கடைக்காரர் வருகிறார்.